அழி என்று சொல்வது யார்?

"வீடியோவை அழிச்சிடு தம்பி. எதுக்கு வம்பு?"

இதைக் கேட்காத சேரிப் பையன் அநேகமாக இருக்க மாட்டான். காவல் நிலையத்தில் கேட்டிருப்பான். தாசில்தார் முன்னிலையில் நடக்கும் அமைதிப் பேச்சுவார்த்தையில் கேட்டிருப்பான். விடுதிக் காப்பாளரின் அறையில் கேட்டிருப்பான். ஊர்ப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுத்து, "நாளைக்கும் ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கணும்ல" என்று பேசும் கட்டப்பஞ்சாயத்துகளில் இப்போது முதல் நிபந்தனையே இதுதான். முன்பு புகாரை வாபஸ் வாங்கச் சொன்னார்கள். இப்போது அதற்கும் முன்னால் போனை நீட்டச் சொல்கிறார்கள்.

இதை எதிரில் நிற்பவர்கள் சொல்லும்போது நமக்குப் புரிகிறது. கோபம் வருகிறது. ஆனால் கடந்த சில ஆண்டுகளாக இதே பேச்சை நம் ஆட்களே, நம் குழுக்களிலேயே, வேறு தொனியில் பேசுகிறார்கள். "தோழர், ஆர்ப்பாட்டத்துக்கு முன்னாடி போனைச் சுத்தமா துடைச்சிடுங்க." "எதையும் வச்சுக்காதீங்க, நாளைக்கு ரெய்டு வந்தா?" ஏதாவது ஒரு சம்பவம் நடந்த மறுநாள் காலை, வாட்ஸ்அப்பில் இந்த அறிவுரை பத்துக் குழுக்களில் பார்வர்டு ஆகிறது. பார்ப்பவர்களுக்கு ஒரு போராளி உணர்வு வருகிறது. கைகள் தானாக "அனைத்தையும் தேர்ந்தெடு" பொத்தானுக்குப் போகின்றன.

இந்த அறிவுரையை நாங்களும் ஒரு காலத்தில் அனுப்பியவர்கள்தான். அதனால் என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், வடமாவட்டம் ஒன்றில், கோயில் திருவிழாவில் நம் பிள்ளைகள் பறை அடித்து ஊர்வலமாக வந்ததற்குத் தகராறு. தெருவுக்குள் புகுந்து கல் எறிந்தார்கள். இரண்டு பைக்குகள் எரிந்தன. சாதிப் பெயரைச் சொல்லி மைக்கில் திட்டினார்கள். மைக்கில்! அதைவிடப் பொது இடம் எது? வீட்டு மாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் முழுவதையும் எடுத்திருந்தார். தெருமுனையில் நின்ற இன்னொரு பையனும் எடுத்திருந்தான். அந்தப் பையனை அன்றிரவே நிலையத்துக்குக் கூப்பிட்டு, ஓர் அதிகாரி முன்னால் வைத்தே அழிக்கச் சொன்னார்கள். அழித்தான். பதினெட்டு வயது. வேறென்ன செய்வான்?

மாடியிலிருந்து எடுத்த மாணவரிடம் பதிவு பத்திரமாக இருந்தது. மறுநாள் காலை எங்கள் குழுவிலிருந்து ஒரு தோழர் நல்ல எண்ணத்தில் செய்தி அனுப்பினார்: போலீஸ் வீடு வீடாகப் போன் பிடுங்கப் போகிறது, எல்லோரும் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். நாங்கள் யாரும் அதை மறுக்கவில்லை. சிலர் கட்டைவிரலும் போட்டோம். அந்த மாணவர் போனை முழுவதுமாக ரீசெட் செய்துவிட்டார்.

வழக்கு வந்தது. எதிர்வழக்கும் வந்தது. எதிர்வழக்கு இல்லாத வன்கொடுமை வழக்கு எங்கே இருக்கிறது? அவர்கள் தரப்பிலிருந்து ஒரு வீடியோ வந்தது, ஒரு நிமிடம்கூட இல்லை. நம் பையன் ஒருவன் குனிந்து கல்லை எடுக்கும் இடத்திலிருந்து அது ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் நடந்த முக்கால் மணி நேரம் அந்தப் பதிவில் இல்லை. நம்மிடம் இருந்தது, நாமே அழித்துவிட்டோம். நம் தரப்பு சாட்சிகள் ஒவ்வொருவராகக் கூலி வேலைக்கும் கடனுக்கும் கட்டுப்பட்டுப் பின்வாங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல நாங்கள் தயாராக இல்லை. எதிர்வழக்கில் நம் பையன்கள் ஐந்து பேர் இன்னும் வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதில் அந்த மாடி மாணவரும் ஒருவர்.

அழிப்பதால் யாருக்கு லாபம் என்று கேட்டுப் பாருங்கள். 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் கொண்டுபோகப்பட்டார்கள். நான்கு நாட்களுக்குள் இருவரும் உயிரோடு இல்லை. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு விஷயம் இருந்தது. நிலையத்துக் கேமராவின் சேமிப்பகத்தில் ஒரு டெராபைட் இடம் இருந்தது. ஆனால் பதிவுகள் தினமும் தானாகவே அழிந்துவிடும்படி அமைத்து வைத்திருந்தார்கள். இடம் போதாமல் அல்ல. அழிவதற்காகவே அமைத்திருந்தார்கள். அங்கே பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து வாய் திறந்ததால்தான் அந்த இரவு வெளியே வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் ஓர் ஆண்டுக்காவது குறையக் கூடாது என்றது. அரசு தன் பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்கிறது. நாமோ நம் பதிவை 18 மணி நேரம்கூட வைத்திருப்பதில்லை.

பதிவு இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோகுல்ராஜ் வழக்கைப் பாருங்கள். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து அந்தப் பொறியியல் பட்டதாரி கடத்தப்பட்டார். மறுநாள் தண்டவாளத்தில் உடல். தற்கொலை என்று ஜோடிக்கக் கடிதமும் தயார். வழக்கின் மிக முக்கியமான சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்சாட்சியாக மாறினார். கோயிலின் கண்காணிப்புக் கேமரா மாறவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்குத் தண்டனை கொடுத்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் சங்கர் வெட்டப்பட்டதை இந்த நாடே பார்த்ததும் ஒரு கேமரா இருந்ததால்தான். அந்த வழக்கின் மேல்முறையீட்டில் என்ன ஆனது என்பது வேறு கதை, வேறு கோபம். ஆனால் "அப்படி ஒன்று நடக்கவே இல்லை" என்று மட்டும் எவராலும் சொல்ல முடியவில்லை.

நம் சனங்களுக்கு எதிராக எப்போதும் சொல்லப்படுவது அந்த ஒரு வாக்கியம்தான்: அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கீழ்வெண்மணியிலிருந்து இன்றுவரை அதுதான். மனுவில் எழுதியதை நம்ப மாட்டார்கள். காயத்தைக் காட்டினால் கீழே விழுந்தது என்பார்கள். நூறு தலைமுறைக்குப் பிறகு நம் கைக்கு வந்திருக்கும் முதல் ஆவணக் காப்பகம் இந்த எட்டாயிரம் ரூபாய் போன். அதைத்தான் துடைத்து வைக்கச் சொல்கிறோம்.

இனி எதிர்ப்பக்க வாதத்துக்கு வருவோம். அது லேசான வாதம் இல்லை. "பீமா கோரேகான் வழக்கைப் பார்க்கவில்லையா? கருவிகளில் இருந்ததை வைத்துத்தானே உள்ளே போட்டார்கள்?" பார்த்தோம். சுரேந்திர காட்லிங், சுதிர் தாவ்லே போன்ற நம் மக்களின் வழக்கறிஞர்களும் செயல்பாட்டாளர்களும் 2018 ஜூனில் கைது செய்யப்பட்டதையும், 2020 ஏப்ரல் 14 அன்று, அண்ணல் பிறந்த நாளிலேயே, ஆனந்த் டெல்டும்டே சரணடைய வேண்டி வந்ததையும் மறக்கவில்லை. ஆனால் அந்த வழக்கு சொல்லும் பாடம் இவர்கள் சொல்வதற்கு நேர் எதிரானது. ரோனா வில்சனின் கணினியை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்செனல் கன்சல்டிங் நிறுவனம் 2021 பிப்ரவரியில் வெளிவந்த அறிக்கையில் என்ன சொன்னது? நெட்வயர் என்ற உளவு மென்பொருள் வழியாக 22 மாதங்களுக்கும் மேலாக யாரோ உள்ளே இருந்தார்கள், அவர் திறந்துகூடப் பார்க்காத கோப்புகளை மறைவான ஒரு போல்டரில் கொண்டுவந்து வைத்தார்கள் என்றது. அவர் வைத்திருந்ததை வைத்து அல்ல, அவருடைய கருவிக்குள் கொண்டுபோய் வைக்கப்பட்டதை வைத்துத்தான் வழக்கு என்பதே அந்த அறிக்கையின் சாரம். உங்கள் போனை நீங்கள் தினமும் கங்கையில் கழுவினாலும், வைக்க நினைப்பவன் வைப்பான். வைத்ததைக் கண்டுபிடித்துச் சொல்ல முடிந்தது எப்படி? வட்டில் தடயங்கள் மிச்சமிருந்ததால். யாரும் பதற்றத்தில் எல்லாவற்றையும் துடைத்துவிடாததால்.

வேங்கைவயலையும் சொல்வார்கள். 2022 டிசம்பரில் நம் மக்கள் குடித்த தொட்டித் தண்ணீரில் மலத்தைக் கலந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், சிபிசிஐடி பாதிக்கப்பட்ட அதே தெருவைச் சேர்ந்த மூன்று பேர்மீது குற்றப்பத்திரிகை போட்டது. அதோடு, அவர்கள் போன்களில் இருந்தவை என்று சொல்லி படங்களும் குரல்பதிவுகளும் சமூக வலைத்தளங்களில் உலாவின. புகார் கொடுத்த தெருவின் போன்களே புகார் கொடுத்த தெருவுக்கு எதிராகத் திருப்பப்பட்டன. இதைப் பார்த்து நம் பிள்ளைகள் பயப்படுவது நியாயம். ஆனால் யோசியுங்கள். நாம் அழித்தால் அவர்களுக்குக் கிடைக்காது என்று யார் சொன்னது?

இங்கேதான் போன் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். "டெலிட்" என்று அழுத்தினால் படம் அப்போதே போய்விடுவதில்லை. முதலில் குப்பைக்கூடைக்குப் போகும். ஐபோனில் குறைந்தது 30 நாள் அங்கே கிடக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் என்றால் 60 நாள். அங்கிருந்து எடுத்த பிறகும் அதன் சிறு உருவம், அதாவது தம்ப்நெயில், வேறொரு மூலையில் இருக்கலாம். வாட்ஸ்அப்பின் "சென்ட்" போல்டரில் ஒரு நகல் இருக்கலாம். கூகுள் டிரைவில் பேக்கப் இருக்கும். நீங்கள் அனுப்பிய அத்தனை பேர் போனிலும் இருக்கும். யாருக்கு எப்போது எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்ற பட்டியல் உங்கள் போனில் அல்ல, செல்போன் கம்பெனியிடம் இருக்கிறது. 2021 டிசம்பரில் உரிம விதி திருத்தப்பட்ட பிறகு அதைக் குறைந்தது இரண்டு ஆண்டு அவர்கள் வைத்திருக்க வேண்டும். நீங்கள் கால் ஹிஸ்டரியை அழிப்பதால் அதில் ஒரு வரிகூடக் குறையாது.

ஆக, அழித்ததில் ஒரு பகுதியாவது அவர்களுக்குக் கிடைக்கும். அவர்களிடம் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது, செலிபிரைட் மாதிரியான கருவிகள் இருக்கின்றன, கம்பெனிக்குக் கடிதம் எழுதும் அதிகாரம் இருக்கிறது. நமக்கு? பஸ் ஸ்டாண்டு எதிரில் செல்போன் கடை வைத்திருக்கும் அண்ணன் இருக்கிறார். அவர் நல்லவர்தான். ஆனால் இன்றைய போன்களில் உள்ளிருப்பதெல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டுத்தான் கிடக்கிறது. ரீசெட் செய்தால் சாவியே அழிந்துவிடும். அந்த மாடி மாணவரின் போனை நாங்கள் மூன்று கடைகளுக்குக் கொண்டுபோனோம். மூவரும் கையை விரித்துவிட்டார்கள். அழிப்பு என்பது இரண்டு தரப்புக்கும் சமமான அழிப்பு இல்லை. நமக்கு மட்டும் முழுசாக அழிகிறது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாட்சியமாகக் கேட்கப்படக்கூடிய மின்னணுப் பதிவை, அது நீதிமன்றத்துக்குப் போகாமல் தடுப்பதற்காக அழித்தால் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 241ஆவது பிரிவு; மூன்று ஆண்டு வரை சிறை. இந்தப் பிரிவைப் போலீஸ் நம்மீது போட எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதே பிரிவு, ஒரு பையனின் தோளில் கைபோட்டு "அழிச்சிடு" என்று சொல்லும் அதிகாரிக்கும் பொருந்த வேண்டியதுதானே? அவர் சொன்ன தேதி, நேரம், இடம், பக்கத்தில் நின்றவர்கள் யார் என்று அன்றே எழுதி வையுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நான்காவது பிரிவு கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரைப் பற்றிப் பேசுகிறது. அதை நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது எங்கள் நீண்ட நாள் வருத்தம்.

போலீஸ் போனைக் கேட்கலாம். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆவது பிரிவில் எழுத்துபூர்வமாகக் கேட்க அதிகாரம் உண்டு. அப்படியானால் எழுத்தில் கேட்கட்டும். கைப்பற்றினால் மகஜர் எழுதட்டும், அதில் ஐஎம்இஐ எண் இருக்கட்டும், நகல் கொடுக்கட்டும். கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 105ஆவது பிரிவு சொல்கிறது. வாங்கிக்கொள்ள இத்தனை நடைமுறை இருக்கிறது. அழிக்கச் சொல்ல ஒரு நடைமுறையும் கிடையாது. நம் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் போதும், அன்றிரவு அந்தப் பையன் "சார், வேணும்னா மகஜர் போட்டு வாங்கிக்குங்க" என்று சொல்லியிருப்பான். சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்காதா என்று கேட்பீர்கள். விழுந்திருக்கலாம். அதனால்தான் எவரையும் தனியாக நிலையத்துக்கு அனுப்பாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

எடுத்த பதிவை எப்படி வைத்திருப்பது என்பதிலும் நாம் கோட்டை விடுகிறோம். ஒரு வீடியோவை எடுத்தவுடன் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, இடம் அடைக்கிறது என்று மூலத்தை அழித்துவிடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். வாட்ஸ்அப் அந்த வீடியோவைச் சுருக்கிவிடும், எப்போது எங்கே எடுத்தது என்ற தகவல்களையும் உரித்துவிடும். பத்துக் கை மாறி வந்த அந்தச் சுருங்கிய பதிவை வைத்துக்கொண்டு வழக்கறிஞர் என்ன செய்வார்? யார் எடுத்தது என்ற முதல் கேள்விக்கே பதில் இருக்காது. நகலாகக் கொடுக்கும் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எடுத்தவரே அந்தக் கருவியோடு கூண்டில் ஏறி இது என்னுடையது, இதில்தான் எடுத்தேன் என்றால் அது வேறு என்றும் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆவது பிரிவில் அந்தச் சான்றிதழ் இரண்டு பகுதியாக, ஹாஷ் மதிப்போடு கேட்கப்படுகிறது. ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு நொடி வெட்டினாலும் மாறிவிடும்.

இதையெல்லாம் மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். எடுத்த போனில் எடுத்த கோப்பு அப்படியே இருக்கட்டும், பெயரைக்கூட மாற்ற வேண்டாம். நகல் எடுத்து வெட்டுங்கள், மூலத்தை வெட்டாதீர்கள். அனுப்ப வேண்டுமென்றால் "டாக்குமென்ட்" ஆக அனுப்புங்கள், அப்போது சுருங்காது. அன்றே ஒரு பென்டிரைவில் போட்டு ஊருக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம், முடிந்தால் வழக்கறிஞரிடம், கொடுத்துவிடுங்கள். அந்தப் போன் பழசானாலும் வழக்கு முடியும்வரை விற்காதீர்கள். எக்ஸ்சேஞ்சில் 1,500 ரூபாய் தள்ளுபடி கிடைக்கிறது என்று சாட்சியத்தை கொடுத்துவிட்டு வந்த தோழர் ஒருவர் எங்களுக்குத் தெரியும். அவரை இங்கே திட்டவில்லை, நேரில் போதுமான அளவு திட்டியாகிவிட்டது.

அப்படியானால் எதையுமே அழிக்கக் கூடாதா? அழிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் அழிக்க வேண்டியதைத்தான் நாம் அழிப்பதில்லை. நாங்கள் மிகவும் கோபமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

நம் குழுக்களைத் திறந்து பாருங்கள். கொலை செய்யப்பட்ட நம் பெண் பிள்ளைகளின் உடல்கள், துணி விலகிய நிலையில், முகம் தெரிய. வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்ட சிறுமியின் பள்ளிச் சீருடைப் படம், பெயரோடு, ஊரோடு. "நீதி கேட்டு" என்று மேலே சிவப்பு எழுத்து. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவில் குற்றம். சட்டத்தை விடுங்கள். ஆதிக்க சாதிக் குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு இது நடந்திருந்தால் அவள் படம் இப்படி ஆயிரம் போன்களில் கிடக்குமா? நம் பெண்களின் உடல்தான் எப்போதும் பொதுச் சொத்து. ஊர்க்காரனுக்கும் அப்படி, நம் போஸ்டர் டிசைனருக்கும் அப்படி. நீதிமன்றத்துக்கும் வழக்கறிஞருக்கும் போக வேண்டிய படம் நம் காலை வணக்கம் போடும் குழுவுக்கு ஏன் வந்தது?

காதலும் இருக்கிறது. சாதி கடந்த காதல்களில் படங்கள் ஆயுதமாவதை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். பெண் வீட்டார் முதலில் பிடுங்குவது போனை. அதிலுள்ள படங்களை வைத்துத்தான் பையனின் ஊரும் தெருவும் கண்டுபிடிக்கப்படுகின்றன. அதேபோல, காதல் முறிந்த பிறகு அவள் படங்களை "ஞாபகத்துக்கு" வைத்திருக்கும் நம் தம்பிகளும் உண்டு. நாலு பேர் சேர்ந்தால் காட்டுகிறவர்களும் உண்டு. மேடையில் அம்பேத்கரின் பெண்விடுதலை பற்றி அரை மணி நேரம் பேசுகிறவர்கள்தான். தம்பி, அவள் அழி என்று சொன்னால் அழிக்க வேண்டும். கேட்கும் முன்பே அழிப்பது இன்னும் நல்லது. ஒருத்தி தன் உடலின் படத்தை அழிக்கச் சொல்வதும், ஓர் அதிகாரி தன் குற்றத்தின் படத்தை அழிக்கச் சொல்வதும் ஒன்றல்ல. அழி என்று சொல்வது யார் என்று பார்க்கச் சொல்வது அதனால்தான். ஆனால் இங்கும் ஒன்று. அவள் படத்தை வைத்து வேறொருவன் அவளை மிரட்டுகிறான் என்றால், அந்த மிரட்டல் செய்திகளை அவள் பயத்தில் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது அவளுடைய சாட்சியம்.

உண்மை அறியும் குழுக்களில் போகிற மாணவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் போனில் என்னவெல்லாம் இருக்கிறது என்று என்றாவது உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? பெயர் வெளியே வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டு ஒரு அக்கா சொன்ன இருபது நிமிட வாக்குமூலம். சாட்சிகளின் எண்கள், "வெட்டுக் கேஸ் சாட்சி 2" என்று நீங்களே பெயர் போட்டுச் சேமித்தது. உதவித்தொகைக்காகப் பத்துப் பேர் அனுப்பிய சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். விண்ணப்பம் போட்டு இரண்டு வருடம் ஆகியிருக்கும், படம் இன்னும் கேலரியில் கிடக்கும். வேலை முடிந்ததும் உங்கள் போனில் இருக்க வேண்டிய தேவையில்லாதவை இவை. வாக்குமூலத்தை வழக்கறிஞரிடமோ குழுவின் பொறுப்பாளரிடமோ ஒப்படைத்து, போய்ச் சேர்ந்துவிட்டது, திறக்கிறது என்று உறுதி செய்த பிறகு உங்கள் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். குப்பைக்கூடையிலிருந்தும், பேக்கப்பிலிருந்தும். வாட்ஸ்அப் பேக்கப்புக்குத் தனியாகக் குறியாக்கம் போடும் வசதி 2021 முதல் இருக்கிறது. நாம் போய் இயக்கினால்தான் இயங்கும்.

இவற்றோடு போனை ரிச்சி தெருவில் மூவாயிரத்துக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. கேலரியை மட்டும் காலி செய்துவிட்டுக் கொடுப்பார்கள். அது சட்டைப் பையை மட்டும் காலி செய்துவிட்டு வீட்டைத் திறந்து போட்டுப் போவது மாதிரி. விற்பதென்று முடிவெடுத்தால், வேண்டியதை வேறிடத்தில் சேமித்து, அது திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, கூகுள் கணக்கிலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் வெளியேறி, பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். கணக்கை எடுக்காமல் ரீசெட் செய்தால் வாங்கியவரால் திறக்க முடியாமல் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டுப் போன் வரும். அதையும் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. மெமரி கார்டைக் கழற்றிவிடுங்கள், போனை ரீசெட் செய்தாலும் கார்டில் இருப்பது அப்படியே இருக்கும். சிம்மை விட்டுவிட்டால் 90 நாட்களுக்குப் பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போகலாம் என்று தொலைத்தொடர்பு ஆணையம் 2023இல் உச்ச நீதிமன்றத்திலேயே சொல்லியிருக்கிறது. அப்போது உங்கள் பழைய எண்ணை நம்பி ஓர் அக்கா நள்ளிரவில் அனுப்பும் செய்தி யாருக்குப் போகும்?

எங்கள் சொந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். சென்ற மாதம் எங்கள் பழைய குழுவை முதலிலிருந்து உட்கார்ந்து பார்த்தோம். மூன்று மாலைகள் ஆனது. ஒரு பிள்ளையின் படம் ஏழு முறை பகிரப்பட்டிருந்தது. முதல் முறை பகிர்ந்தது நாங்கள். அவள் அம்மா அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். "அம்மா, ஊருக்குத் தெரியணும்மா" என்று நாங்கள்தான் அவரைச் சமாதானப்படுத்தினோம். இப்போது எங்கள் போன்களிலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்துவிட்டோம். வழக்கறிஞரிடம் இருக்கும் மூலப்படம் மட்டும் அவர் பீரோவில் உறையில் இருக்கிறது. ஆனால் அன்று நாங்கள் அனுப்பியது எத்தனை போன்களுக்குப் போனது என்று எங்களுக்குத் தெரியாது. எந்தப் படம் என்று இங்கே சொல்ல முடியாது. 2019 கண்டனக் கூட்டத்துக்காக எங்களிடமிருந்து போஸ்டர் வாங்கியவர்களுக்குத் தெரியும். உங்கள் போனிலோ டிரைவிலோ அது இருந்தால் எடுத்துவிடுங்கள். எடுத்ததும் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.